படகில் அடுக்கிய பப்பாளி

போன வாரம் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தேன். மண்ணரைப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிற ஏசி மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு மரப்படகை நிறுத்தி, உள்ளே ஐஸைக் கொட்டி, தர்பூசணியும் பப்பாளியும் வெட்டி அடுக்கியிருந்தார்கள். சுற்றி நின்று செல்ஃபி வேறு. கிட்டே போனதும் புது வார்னிஷ் வாடை வந்தது.

நம்ம திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் அடிக்கும் அதே டர்பன்டைன் வாடைதான். எனக்கு மட்டும் அது அந்தோணி அத்தானின் வாடை. அக்கா வீட்டுக்காரர். தூத்துக்குடியில் கடலுக்குப் போனவர், இங்கே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அதே கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க நின்று துணி வெட்டிவிட்டு வந்து அவர் பேசுவதெல்லாம், அப்போது இதே மண்ணரையில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் நிரம்பிக் கிடந்த குளத்தைப் பற்றித்தான். மீன்பிடிக்க அனுமதி வாங்கிவிட்டார். படகு ஒன்று இருந்தால் கம்பெனிக்கு ஒரு கும்பிடு என்பார்.

வாசலிலேயே பலகை சேர்த்துக் கட்டினார். ஊரில் என்றால் மீனெண்ணெய் பூசுவார்களாம். இங்கே அதற்கு எங்கே போவது, வார்னிஷ்தான். வெறும் மரத்துக்கு முதல் பூச்சில் வார்னிஷும் டர்பன்டைனும் சரிபாதி. நீர்க்க இருந்தால்தான் மரம் குடிக்கும். அடுத்தடுத்த பூச்சு கெட்டியாகும்.

ஞாயிற்றுக்கிழமை லைனே உதவிக்கு வந்தது. வெறுங்கையோடா வருவோம்? வண்டியோ அடுப்போ பிள்ளை மூக்கோ, எதைத் துடைக்கவும் திருப்பூரில் கம்பெனிக் கழிவுத்துணி, பனியன் வேஸ்ட்தான். மூட்டையோடு தூக்கிவந்து மரத்தூளைத் துடைத்துத் தள்ளினோம். பூசி முடித்துப் பார்த்தால், படகு முழுக்கப் பஞ்சு ஒட்டிக் கிடக்கிறது.

“ஏல மாப்ள, படகுக்கு பனியனா மாட்டி விட்டிருக்கிய?” என்றார் அத்தான்.

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சுரண்டி, முதலிலிருந்து பூசினோம். முன்மூக்கின் இடுக்கில் ஒரு சிவப்புப் பிசிறு மட்டும் வர மறுத்தது. அடையாளமாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. மழை எப்போது வரும் என்று காத்திருந்த எவனோ ஒரு சாயப்பட்டறைப் புண்ணியவான், பெய்த அன்றைக்கே சாயத்தண்ணியைத் திறந்துவிட்டான். விடிந்தால் குளம் ஊதா; மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதக்கிறது. மனு கொடுத்தோம். வந்து பார்த்த அதிகாரிகள் மழைத்தண்ணிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாவிகளா, ஊதா மழை எந்த ஊரில் பெய்கிறது? நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தான் படகைப் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டு, மறுநாள் ஷிப்டுக்குப் போய் நின்றார். அக்கா மீன்குழம்பு வைத்தால் இன்றைக்கும் ரசம்தான் கேட்பார்.

மண்டபத்தில் அந்தப் படகின் முன்மூக்கு இடுக்கில் விரலை விட்டுத் துழாவினேன். புது வார்னிஷுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். அதே சிவப்புப் பிசிறு.

“ஏனுங்க, சும்மா நிக்கறீங்க? பப்பாளி எடுத்துக்கோங்க” என்றார் மண்டபக்காரர்.

தெரிந்தே கேட்டேன், இங்கே ஒரு குளம் இருந்ததே என்று.

“அது மேலதானுங்க நிக்கறோம்” என்றார், பெருமையாக.

கையிலிருந்த தட்டை அந்தப் படகுக்குள்ளேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?