பொறி படாத சட்டை

நான், என் மகன், காம்பாரிலிருந்து வந்த ஒரு அக்கா, அவருடைய மகள், பாரிட் புந்தார்க்காரர் ஒருவர், பிறகு அந்த வெல்டிங் வாத்தியார். வெல்டிங் வகுப்புக்கு ஆள் சேர்த்த அன்று ஜெலாப்பாங் பட்டறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்.

வாத்தியார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பேசும்போதெல்லாம் கையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டார். ஆறு மாதம் படித்தால் ஆஸ்திரேலியாவில் வேலை, பிறகு அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்றார். இதையே முன்பு போனில் கேட்டு நம்பி என் மகன் இருந்த வேலையையும் விட்டுவிட்டான்.

நான் இருபது வருஷமாக வெல்டிங் செய்கிறவன். பொறி பட்டு என் சட்டையெல்லாம் ஓட்டை. அவர் சட்டையில் ஒன்றுகூட இல்லை.

"சார், ஒரு கோடு போட்டுக் காட்டுங்க," என்றேன்.

வெல்டிங் கம்பியை இரும்புத் தகட்டில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. முறுக்கி எடுக்கத் தெரியாமல் மாட்டை இழுப்பதுபோல் இழுத்தார். கம்பி சிவந்து புகைந்தது. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

அவர் சிரித்தார். "அண்ணே, அங்க கையவா பாப்பான்? சர்டிபிகேட்டத்தான் பாப்பான் லா."

"அங்க ஒட்டிக்கிட்டா சுவிட்ச யாரு அடைக்கிறது?"

"அப்பா, சும்மா இருங்க. மானம் போவுது," என்றான் மகன்.

மானம் போக வேண்டியவர் சட்டையைத் தட்டிவிட்டு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டவர்கள், என் மகனோடு சேர்த்து, மூன்று பேர்.