கன்னம் வைக்காத வீடு

என் ஓரகத்தி வீட்டில் திருடன் கன்னம் வைத்தபோது எனக்கு வயிறெரிந்தது. பொன்னேரிப் பக்கத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அவள் வீட்டுப் பின்பக்க மண்சுவரில் ஆள் நுழைகிற அளவு ஓட்டை போட்டு, பட்டுப் புடவையையும் வெள்ளிக் கிண்ணத்தையும் கொண்டுபோயிருந்தான். ஆரணியிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு மாதம் அவள் அந்த ஓட்டையை அடைக்கவே இல்லை. "கன்னக்கோல் வெச்சே தோண்டிக்கிறான் பாரு" என்று வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து காட்டுவாள். என் வீட்டுச் சுவரும் அதே மண்சுவர்தான்.

அதற்கு முந்தின வருஷம் கிணற்றடியில் என் பித்தளைக் குடம் போனது. அதை யாரும் திருட்டு என்றுகூடச் சொல்லவில்லை. "காணாம பூட்ச்சா" என்று கேட்டதோடு சரி. கோழி போனாலும் அதே பேச்சுதான். கன்னம், களவு, கொள்ளை என்ற பெரிய வார்த்தைகளெல்லாம் அவள் வீட்டுக்கே.

அறுவடைக்குப் பிறகு அந்தத் திருடன் பிடிபட்டான். கன்னம் வைத்த இடத்தைக் காட்டச் சொல்லி அவனைப் போலீஸ்காரர் எங்கள் தெருவுக்கு அழைத்துவந்தார். அவன் நேராக என் வாசலில் வந்து நின்றான். ஓரகத்தியின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு மனசு குளிர்ந்தது.

"மொதல்ல இந்த ஊட்டுக்குத்தான் சார் வந்தேன். கதவு சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. உள்ள போய் நல்லா பாத்துட்டு, அந்த ஊட்டுக்குப் பூட்டேன்" என்றான்.

போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எழுதாமலே மூடினார்.