ஸ்டெல்லா அக்கா மன்னிக்கவில்லை

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி சேவியர் போனில் சொன்னபோது நான் பொம்மனஹள்ளி ஆபீசில் இருந்தேன். அழுகைக்கு நடுவே அவர் கேட்டது இதுதான்: "வில்பிரட் மாலையோட வரேன்னு சொல்லி அனுப்பிருக்காரு. என்னா பண்றது?"

"வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன். விவேக் நகரில் அக்காவோடு பழகிய நீங்களும் அதையே சொல்லியிருப்பீர்கள். காரணம் முழுதாகத் தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கா முதலில் மொன்ட்ரியாலில் ஒரு யூதக் குடும்பத்திலும், பிறகு நியூயார்க்கில் அவர்களுடைய உறவினர் வீட்டிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். தொண்ணூறுகளின் நடுவில் ஊர் திரும்பி, வீட்டிலேயே பேகல் செய்து விற்றார். முதல்முறை சாப்பிட்டபோது "ஓட்ட போட்ட பன்னு மாதிரி இருக்குக்கா" என்றேன். கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்.

"பன்ன எவனாச்சும் கொதிதண்ணில வேகவெச்சு அப்புறம் சுடுவானா?" என்று அடுப்படிக்குக் கூட்டிப்போனார். நியூயார்க் பேகல் பெரியது, உப்பலானது, மாவில் உப்பு உண்டு. வேகவைக்கும் தண்ணீரில், முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் பாகு சேர்ப்பார்கள். அது இங்கே கிடைக்காததால் அக்கா வெல்லப்பாகு சேர்த்தார். மொன்ட்ரியால் பேகல் சிறியது, ஓட்டை பெரியது. உப்பில்லாத இனிப்பு மாவு, தேன் கலந்த தண்ணீர், மேலே எள். "ரெண்டும் ஒண்ணுன்றவன் நாக்க கழட்டி வெச்சிட்டு சாப்புடுறான்" என்பார்.

எங்கள் பங்குக் கோயிலுக்கு வரும் வில்பிரட் அடுகோடியில் காபி ஷாப் வைத்து, அக்காவிடம் பேகல் வாங்கி விற்றார். அக்காவின் நியூயார்க் பேகலால் கடைக்குப் பேர் கிடைத்ததும், வாங்குவதை நிறுத்தினார். அதோடு விட்டாரா? அக்காவின் சமையலறையில் எலி ஓடுகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். மற்ற ஆர்டர்களும் நின்றுபோயின. தானே நியூயார்க் போய்க் கற்றுவந்ததாகப் பேப்பரில் பேட்டி வேறு. அக்கா அதைப் படித்துவிட்டு, "ஆள் அனுப்புவான், பாரு" என்றார்.

அனுப்பினார். அவருடைய கடை மாஸ்டர், வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வில்பிரட்டின் ஸ்கூட்டரிலேயே வந்து இறங்கினார். அக்கா காபி கொடுத்து, பொறுமையாக மொன்ட்ரியால் பேகலைக் கற்றுக்கொடுத்தார். "இத்தன நாள் வித்தது நம்ம ஊருக்காக மாத்துனது. அசல் நியூயார்க் இதான்" என்றார்.

விரைவிலேயே 'அசல் நியூயார்க் பேகல்' என்று கடையில் புதுப் பலகை ஏறியது. முன்பு வில்பிரட்டைப் பேட்டி எடுத்த நிருபரும் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். அக்கா சொன்னபடி, எங்கள் கம்பெனிக்கு நியூயார்க்கிலிருந்து வந்திருந்த விருந்தினர்களை நான் அழைத்துப்போனேன். அவர்களில் ஒருவர் கடித்துப் பார்த்து, நன்றாயிருக்கிறது, ஆனால் இது மொன்ட்ரியால் பேகல் ஆயிற்றே என்றார். இல்லை, நியூயார்க்கிலேயே கற்றது என்றார் வில்பிரட். நியூயார்க்கில் எங்கே என்று அந்த விருந்தினர் ஆர்வமாகக் கேட்டார்.

வில்பிரட் விழித்தார். மூலை மேசையிலிருந்து பட்டுப் புடவையில் அக்கா எழுந்தார். "சொல்லு வில்பிரட், எந்தத் தெரு?"

அக்கா தன் டிபன் டப்பாவைத் திறந்து, தான் செய்த பேகலை விருந்தினரிடம் நீட்டினார். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இதுதான் எங்கள் ஊர் என்றார். நிருபர் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பேப்பரில் உண்மை வந்ததும் பலகை இறங்கியது. ஆர்டர்கள் அக்காவிடம் திரும்பின.

பழிவாங்கியது போதும், இனி மன்னித்துவிடலாமே என்று பங்குச் சாமியார் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "மன்னிப்பு ஆண்டவரோட டிபார்ட்மென்ட், ஃபாதர். எலின்னு சொன்ன வாய்க்கு நான் என்னா பண்ணணுமோ அத பண்ணிட்டேன்" என்றார். அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் நடையை மெதுவாக்கி, உள்ளே எத்தனை மேசை காலி என்று பார்ப்பார். கடைசிவரை பார்த்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் வில்பிரட் என் பக்கம் திரும்பிக் கைகூப்புகிறார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.