அக்கா கட்டிய இருபத்து நான்கு சமையல் மேடைகள்

விகாரையில் பஞ்சசீலம் சொல்லி முடித்து, பக்கத்துக் கூடத்தில் இலை போடும் நேரத்தில் இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுப்பார்கள். அக்கா நம்மைவிட்டுப் பிரிந்து அன்றோடு ஓராண்டு நிறைகிறது. அக்காவின் மகன் அசோகன் போன மாதம் என்னிடம் வந்து, "சித்தி, அம்மாவப் பத்தி ரெண்டு மூணு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் நல்லதா எழுதுங்க" என்று கேட்டான். 'கொஞ்சம் நல்லதா' என்று அவன் ஏன் இழுத்தான் என்பது எனக்குத் தெரியும். கடைசி ஆறு வருடம் நானும் அக்காவும் எப்படி இருந்தோம் என்பது ராபர்ட்சன்பேட்டையில் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அக்காவின் மேல் பொறாமை. அக்காவால் நன்மை அடைந்தவர்கள் மேல் அதைவிடப் பொறாமை. இதை மறைத்துவிட்டு 'அன்பே உருவானவர், பண்பின் சிகரம்' என்று எழுதினால் அக்காவே எழுந்து வந்து, "இன்னாடி இது, எலெக்சன் நோட்டீசு மாதிரி எழுதிகீற" என்று கேட்பார்.

அக்கா பிறந்தது பாலகாட் லைனில், தங்கச் சுரங்கத்துக்காரர்கள் வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில். அப்பா சுரங்கத் தொழிலாளி. ஒரே அறை, தட்டிச் சுவர், மேலே தகரம், உள்ளே ஆறு பேர். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் படுத்தால் நாங்கள் நான்கு பிள்ளைகளும் வெளியே இருக்க வேண்டும். அக்காவுக்குப் பத்து வயது இருக்கும்போது கரித்துண்டால் தரையில் கோடு போட்டு, யார் எங்கே படுப்பது என்று பிரித்துக் கொடுத்தார். அதுவரை ஒருவர் கால் ஒருவர் முகத்தில் இருக்கும். அன்றிலிருந்து எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். என்னைத் தவிர. எனக்குக் கொடுத்தது வாசற்படி ஓரம். ஏன் என்று கேட்டதற்கு, "நீ குள்ளச்சி, உனக்கு அம்மாம் எடம் போதும்" என்றார். அப்பா அந்தக் கோடுகளைப் பார்த்து, இது படிக்க வேண்டிய பிள்ளை என்று முடிவு செய்தார். என் பொறாமை அந்த வாசற்படி ஓரத்தில் ஆரம்பித்தது.

அக்கா டிப்ளமா கடைசி வருடம் படிக்கும்போது சுரங்கத்தை மூடினார்கள். நான் பத்தாவது முடித்திருந்தேன். இருவரையும் படிக்கவைக்க அப்பாவால் முடியவில்லை. முடிக்கப்போகிறவரை நிறுத்த முடியாது என்பதால் என்னை நிறுத்தினார்கள். அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் எனக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. அக்கா சில வருடம் பெங்களூருக்குக் காலை ரயிலில் போய்க் கட்டட வேலைகளை மேற்பார்த்தார். நுரையீரலில் தூசி ஏறி அப்பா படுத்த பிறகு, தேர்வு எழுதி நம் நகரசபையிலேயே ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தார். பள்ளி ஆசிரியரான மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார். கடைசிவரை அது வாடகை வீடுதான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். எனக்கும் கல்யாணம் ஆயிற்று. ஒரு லைன் வீட்டிலிருந்து இன்னொரு லைன் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் சமையல் மேடையைக் கட்டியவர் என் மாமனார். என் மாமியார் நல்ல உயரம். நான் இன்றுவரை ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றுதான் சமைக்கிறேன்.

அக்காவின் பெயர் நிலைக்கக் காரணமான கட்டடத்துக்கு வருகிறேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு இடிந்து கிடந்ததே, அந்தத் துண்டு நிலம். ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், மறுபக்கம் விகாரையின் மதில். நீளம் உண்டு, அகலம் இல்லை. "அதுல ரயில் பொட்டி நிறுத்தலாம், வூடு கட்ட முடியாது" என்று அலுவலகத்தில் சிரித்தார்களாம். வீடில்லாத லைன் குடும்பங்களுக்கு அங்கே இருபத்து நான்கு வீடுகளும், எல்லோருக்கும் பொதுவாகக் கீழே ஒரு கூடமும் கட்ட முடியும் என்று அக்கா சொன்னார். ஊருக்கு வெளியே விசாலமாக இடம் இருக்கிறதே என்று கேட்டவர்களிடம், "வேலைக்குப் போறவங்க ரயிலப் புடிக்கணும், புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும். அவ்ளோ தூரத்துல வூடு குடுத்தா அதுக்குப் பேரு வூடு இல்லீங்க" என்றார்.

வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அக்காவின் வழக்கம் அல்ல. லைன் பெண்களையெல்லாம் கிரவுண்டுக்கு வரச் சொல்லி, தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வீட்டை அதன் முழு அளவில் வரைந்தார். கட்டில், குடம், காஸ் அடுப்பு, ஒரு பழைய பீரோ எல்லாம் கொண்டுவந்து உள்ளே வைத்து, "வாங்க, இன்னைக்கு இதுல குடித்தனம் பண்ணிப் பாருங்க" என்றார். பெண்கள் சுவரில்லாத வீட்டில் நடந்தார்கள், படுத்தார்கள், பொய்யாகச் சமைத்தார்கள். கோட்டை மிதித்தவர்களிடம், "செவுத்துல இடிச்சிக்கினியே" என்று அக்கா சிரிப்பார். சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டின் தூசி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர்கள் சொன்னதால் அந்தப் பக்கம் ஜன்னல் வைக்கவில்லை. ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், "ரெண்டாவது மாடில சாவு வந்தா எப்பிடிம்மா எறக்குவ? நாற்காலில உக்கார வச்சா?" என்று கேட்டார். அக்கா அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம், படுக்கவைத்தபடியே ஓர் உடலைத் திருப்பி இறக்கும் அளவுக்குப் படிக்கட்டின் திருப்பத்தை அகலப்படுத்திக் கொண்டுவந்தார்.

அந்த கிரவுண்டுக்கு அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். மற்றவர்கள் கிளம்பிய பிறகு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, சப்பாத்தி தேய்க்கச் சொன்னார். ஒரு வரிசையை எடுத்தார், மறுபடி வைத்தார். "தோள்பட்ட வலிக்குதாடி? இப்ப? இப்பப் பாரு." முழங்கை சரியாக மடங்கும் உயரம் வந்ததும் முனியப்பன் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரு சவுக்குக் குச்சியில் பென்சிலால் குறி போடச் சொன்னார். பிறகு பாத்திரம் வைக்கும் பரண், துணி காயவைக்கும் கம்பி என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கையைத் தூக்கச் சொல்லிக் குறித்தார்கள். பலகை இல்லாமல் நின்று மாவு தேய்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

என் அக்கா என்னை அளந்தால் நான் என்ன நினைப்பேன்? எனக்கு வீடு வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். எங்களுக்கும் சொந்த வீடு இல்லை. விதிப்படி எங்களுக்கும் தகுதி இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன், தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன். ஜன்னலுக்குப் பச்சைத் துணியில் திரைகூடத் தைத்து வைத்தேன். விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வீடுகளை ஒதுக்கும் குலுக்கலுக்கு முந்தைய வாரம் அக்கா அந்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"இதத் திருப்பி வாங்கிக்கினேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுடி."

"இன்னாத்துக்கு? எனக்குத் தகுதி இல்லியா?"

"கீது. ஆனா உம் பேரு குலுக்கல்ல வந்திச்சின்னா மத்த இருவத்தி மூணு பேரு வூடும் திருட்டு வூடு ஆயிடும். யாரும் நம்ப மாட்டாங்க."

"அப்பால இன்னாத்துக்கு என்னிய நிக்க வச்சி அளந்த?"

அக்கா பேனாவை எடுத்து நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "நீ கட்டுற அந்த வூட்டுல என் காலு படாது" என்றும் சொன்னேன். அந்தக் குச்சியை அன்றே ஒடித்து அடுப்பில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கால்வாய்க்காக நான்கடி நிலத்தை விட வேண்டி வந்ததாகவும், அக்கா எல்லா அளவுகளையும் மாற்றிப் புதிதாகப் படம் போட்டதாகவும் கேள்விப்பட்டேன். என்னை அளந்தது அதோடு போயிற்று என்று இருந்துவிட்டேன்.

வீடுகள் எழுந்தன. குடிபோனவர்கள் அக்காவை 'எங்க இன்ஜினியரம்மா' என்றார்கள். அந்த 'எங்க' என்னைக் குத்தியது. முதல் மாடியில் வீடு கிடைத்த ஸ்டெல்லா, கருவாட்டுக் குழம்பு வைத்தால் முதல் கிண்ணத்தை அக்காவுக்கு அனுப்புவாள். தன் பெண் குழந்தைக்கு அக்காவின் பெயரையே வைத்தாள். என் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்குத் தோன்றவில்லையே என்று அன்று வயிறு எரிந்தது. கூடத்தில் கல்யாணம், மாலை டியூஷன், மருத்துவ முகாம் என்று எது நடந்தாலும் அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். எனக்கும் அழைப்பு வரும். நான் மார்க்கெட்டுக்குக்கூட சுற்றுவழியில்தான் போனேன். ஆறு வருடம் அப்படிப் போனேன். நல்ல நாள் கெட்ட நாளில் அக்காவிடம் பேசினேன், அவ்வளவுதான்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் உடனிருந்து பார்த்துக்கொண்டது நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதம் அக்கா எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தார் என்பதற்காகச் சொல்கிறேன். பார்க்க வந்த ஸ்டெல்லாவை, டாக்டர் தூங்கச் சொல்லியிருக்கிறார் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நடந்தது அது.

ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "குள்ளச்சி, ஒரு தடவ மேல ஏறிப் போயி பாத்துட்டு வாடி. ஸ்டெல்லா வூட்டுல ஒரு காப்பி போட்டுக் குடிச்சிட்டு வா" என்றார்.

"நீ எழுந்து வா, அப்பால பாத்துக்கலாம்" என்றேன். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் பழக்கம் அக்காவுக்கு எப்போதும் கிடையாது.

ஒரு காலைப் பொழுதில் அக்கா கண்மூடினார். வாடகை வீட்டின் முன்னறையில் பத்துப் பேர் நிற்க முடியாது என்பதால், அவர் கட்டிய கூடத்திலேயே உடலை வைத்தார்கள். 'காலு படாது' என்று சொன்ன நான் அக்காவின் பின்னால் அழுதுகொண்டே அதற்குள் நுழைந்தேன். மதியம்வரை ஒன்றும் குடிக்காமல் இருந்த என்னை ஸ்டெல்லா கையைப் பிடித்து மேலே தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அந்த அகலமான திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு ஏறினேன். அவள் பால் வாங்கக் கீழே இறங்கியபோது, சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனேன். பழக்கத்தில் கால் பலகையைத் தேடியது. அங்கே பலகை இல்லை. பலகை தேவையும் இல்லை. கையை வைத்தேன், முழங்கை சரியாக மடங்கியது. பரணில் இருந்த டம்ளரை எடுத்தேன், எட்டியது. அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டெல்லா திரும்பி வந்து பார்த்தாள். அவள் என்னைவிட ஒரு முழம் உயரம்.

"உங்களுக்கு நல்லா எட்டுது. எனக்கு இடுப்பு ஒடியுது" என்றாள். "மேஸ்திரிய வுட்டு ரெண்டு கல்லு ஏத்திக்கினா இன்னான்னு இன்ஜினியரம்மாவக் கேட்டேன். அது என் தங்கச்சி கை உயரம், என் கண்ணு இருக்கிற வரைக்கும் ஏத்தாதன்னு சொன்னாங்க. இருவத்தி நாலு வூட்லயும் இதே அளவுதான்."

நான் கேட்ட கேள்விக்கு ஆறு வருடம் கழித்து அந்தச் சமையலறையில் பதில் கிடைத்தது. நான்கடி நிலம் போய், அறை சுருங்கி, நடை சுருங்கி, எல்லா அளவும் மாறியிருக்கிறது. இதை மட்டும் அக்கா மாற்றவில்லை. அதை என்னிடம் சொல்லவும் இல்லை. வந்து பார் என்று மட்டும் கேட்டார், நான் போகவில்லை. அதற்காக நான் அழாத நாள் இந்த ஓராண்டில் இல்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூடவே அலைந்த மாமாவுக்கும் அசோகனுக்கும், இறுதி நாளில் வந்து தோள் கொடுத்த லைன் மக்களுக்கும், விகாரையின் பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முனியப்பன் மேஸ்திரிக்கும் நன்றி. அந்தச் சவுக்குக் குச்சியை அவர் இன்னும் வைத்திருக்கிறார். எனக்குக் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டும், "அம்மா என் கையில குடுத்ததுங்க" என்று சொல்லி மறுத்துவிட்டார். அவர் மேலும் எனக்குப் பொறாமைதான். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்க்காக ஸ்டெல்லாவிடம் இந்த மலரின் வழியாக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, அந்த இருபத்து நான்கு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரைக்கு டைல்ஸ் போடுங்கள், சுவருக்குப் பிடித்த நிறத்தைப் பூசுங்கள், மேடைக்கு கிரானைட்கூடப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் மாடியில் ஒருவர் மேடையை உயர்த்தக் கல் வாங்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து உயர்த்தாதீர்கள். வீடு உங்களுக்குக் கிடைத்தது, என் அக்காவும் உங்களுக்கே அதிகமாகக் கிடைத்தார். அந்த உயரம் மட்டும் எனக்கு இருக்கட்டும்.