முதுகில் பை வைத்த சட்டை

கப்பலூரை விட்டு அரை மணி நேரம் நடந்திருப்பேன். தார்ப்பாய் தைக்கும் கொட்டகையில் ஆள் குறைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவன் என்பதால் நான் முதலில் வெளியே வந்தேன். வேலை போனால் படுக்கும் இடமும் போய்விடும். பொழுது சாய்வதற்குள் இரண்டையும் தேடியாக வேண்டும் என்று மதுரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.

மார்கழிப் பனிக்கு ஒரு நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன். வெளிநாட்டுப் பழைய துணியைச் சாலையோரம் குவித்து விற்பவரிடம் வாங்கியது. அதில் மூன்று பைகள் வரிசையாக இருந்தன. பை முன்பக்கம்தானே இருக்கும்? அதனால் பைகள் வயிற்றுக்கும் பித்தான்கள் பிடரிக்கும் வரும்படி மாட்டிக்கொள்வேன். விற்றவரும் அப்படித்தான் மாட்டிக் காட்டினார்.

பின்னாலிருந்து பந்தய சைக்கிளில் வந்த ஒருவர் என்னைத் தாண்டிப் போய் நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும்.

"அண்ணே, நீங்க வாரீகளா, போறீகளா? பின்னாடி இருந்து பாத்தா எதுத்தாப்ல வர்ற மாதிரி இருக்கு."

அவர் குனிந்து காட்டினார். அவர் சட்டையிலும் இதே மாதிரி மூன்று பைகள், ஆனால் முதுகில் இருந்தன. குனிந்து மிதிக்கிறவன் முன்னால் எதையாவது வைத்தால் முழங்கால் இடிக்கும், கையைப் பின்னால் விட்டு எடுத்துத் தின்றுகொண்டே போவான் என்றார். டீக்கடை ஓரத்தில் என் சட்டையைக் கழற்றச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மார்பில் இருந்த எழுத்துகளை விரலால் தடவினார்.

"இது பெயின்ட் இல்லண்ணே. அம்புட்டும் நூலு. இத்தாலிக்காரன் தச்சது."

பழங்காநத்தத்தில் மாடியில் விளையாட்டுச் சட்டை தைக்கும் தொழில் அவருக்கு. டீ ஆறியது தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் அப்போதெல்லாம் சைக்கிள் பந்தயச் சட்டை கம்பளிதான். மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். அதோடுதான் பனி மூடிய மலையில் ஏறுவார்கள். இறங்கும்போது குளிர் தாங்காது. வேடிக்கை பார்ப்பவர்கள் நீட்டும் செய்தித்தாளை வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொள்வார்கள். அங்கே பெரிய பந்தயத்தை நடத்தியதே ஒரு செய்தித்தாள். அதன் தாள் இளஞ்சிவப்பு நிறம் என்பதால் முன்னணியில் இருப்பவனுக்கும் இளஞ்சிவப்புச் சட்டை. பிறகு முகத்தில் பூசும் கிரீம் விற்கிறவனும் ஃபிரிட்ஜ் விற்கிறவனும் பணம் கொடுத்துத் தங்கள் பெயரைச் சட்டையில் ஏற்றினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சில வருடங்கள் கடைசியாக வருபவனுக்கும் ஒரு சட்டை உண்டாம், கறுப்பில். ஜனங்கள் அவனுக்கு அள்ளிக் கொடுத்தார்களாம். அதனால் கடைசி இடத்துக்கே போட்டி. தோட்டத்துக்குள் ஒளிந்திருந்து எல்லோரும் போன பிறகு சைக்கிளை எடுப்பார்களாம். கடைசி ஆளுக்கென்று நிறம் பார்த்துச் சாயம் தோய்த்துச் சட்டை தைத்திருக்கிறார்கள். கம்பளி குத்துகிறது என்று நான் என் சட்டையைத் திட்டாத நாள் கிடையாது.

"இத எனக்குக் குடுத்துருங்கண்ணே. எம்புட்டுன்னு சொல்லுங்க."

"சட்டை தனியா வராதுண்ணே. ஆளும் சேந்துதான் வரும்."

சிரித்தார். தைக்கத் தெரியுமா என்றார். தார்ப்பாய் மட்டும் தைப்பேன் என்றேன். அந்தக் கை இதற்கு ஆகாது என்று உதட்டைப் பிதுக்கினார். டம்ளரை வைத்துவிட்டு சைக்கிளைக்கூட எடுத்துவிட்டார். பிறகு திரும்பிக் கேட்டார்.

"சூடு தாங்குவீகளா?"

"செங்கச் சூளையில ரெண்டு வருசம் கெடந்தவன்ணே."

அன்றிரவு அவருடைய மாடியில் துணி உருளைகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு அச்சுச் சூட்டு மெஷின் முன்னால் நின்றேன். ஒரு கபடி அணியின் சட்டைகள். வெட்டி வைத்த வெள்ளைத் துணியின் மேல் அச்சடித்த தாளைக் கவிழ்த்து, சூடான பலகையை இறக்கி, மணி அடித்ததும் தூக்க வேண்டும். முதல் துணியில் தாளை நகர்த்திவிட்டேன். எழுத்து இரண்டிரண்டாக விழுந்தது. அதை ஓரமாகப் போடச் சொன்னார். இரண்டாவதில் தாளை உரித்தபோது சிவப்பு முழுக்கத் துணிக்குள் இறங்கியிருந்தது. தடவிப் பார்த்தேன். விரலில் எதுவும் தட்டவில்லை. அடுத்ததை எடுத்து வைத்தேன்.