மூன்றாம் பக்கத்தின் அடியில் ஓட்டை: புதுச்சேரியில் பழைய நாடக விளம்பரங்களைத் தேடி

பழைய நாளிதழ்களில் வந்த நாடக, சினிமா விளம்பரங்களைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போகலாமா என்று இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் போன மாதம் நான் போனது விளம்பரம் பார்க்க மட்டும் இல்லை, திருடனைப் பிடிக்க. இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் சரிபார்க்கிற வேலையில் பாதி ஆயுசு குப்பை கொட்டியவள் நான். யாராவது "சத்தியமா" என்று ஆரம்பித்தாலே எனக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

கல்லூரித் தோழி அமலாதான் கூப்பிட்டாள். அவளுடைய பெரியம்மாவை அந்த வீட்டில் எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி "தாந்த்" என்றுதான் சொல்வார்கள். கல்யாணமே செய்துகொள்ளாமல் கோயிலும் ஜெபமாலையுமாக வாழ்ந்து போன வருஷம் காலமானார். உள்ளூர் நாளிதழ்களை வருஷவாரியாக பைண்டு பண்ணி அலமாரியில் அடுக்கியிருந்தார். ஒரு நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப் பிரித்தால் பல பக்கங்களில் ஓட்டை. எல்லாமே நாடக விளம்பரம் இருந்த இடம். பின்கட்டு அறையில் குடியிருந்து தாந்தைக் கவனித்துக்கொண்ட ஏழுமலைதான் வெட்டி விற்றிருக்கிறான் என்று அமலாவின் அம்மா சொல்லிவிட்டார். மனைவியையும் பன்னிரண்டாவது படிக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. பரீட்சைக்கு முன்னால் எங்கே போவார்கள்? "அதுக்குள்ள நீ வந்து ஒரு தடவை பாரு, எனக்கு மனசு ஒப்பல" என்றாள் அமலா.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருவான்மியூரில் ஈசிஆர் பஸ் பிடித்தேன். நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம், மூன்றரை மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அமலாவின் வீடு இருக்கிற பெரிய மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். வழி முழுக்க நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குக் கூட்டிப்போகிறேன், தனியாகக் காசு வேண்டாம் என்று விடாமல் சொன்னார். காசு வேண்டாம் என்கிற ஆட்டோக்காரரை நம்புகிற வயசு எனக்குத் தாண்டிப்போச்சு.

அமலாவின் அம்மா மதலேன் எண்பதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத புடவை, கணீர் குரல். காபியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் தந்து உபசரித்தார். தங்கள் வீட்டுப் பெண்கள் எந்தக் காலத்திலும் கொட்டகை வாசலைக்கூட மிதித்ததில்லை என்றும், நாடக விளம்பரத்தை வெட்டி அவர்களுக்கு என்ன ஆக வேண்டும் என்றும் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது. காபியும் நன்றாக இருந்தது.

பைண்டுகளைப் பிரித்தேன். அடேயப்பா, ஒரு ஊரின் பொழுதுபோக்கு அத்தனையும் அதில் கிடந்தது. வெளியூர் நாடகக் கம்பெனிகள் மாதக்கணக்கில் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கின்றன. மழை பெய்தாலும் ஆட்டம் உண்டு என்று ஒரு கம்பெனி. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று இன்னொன்று. கொட்டகையின் பாட்டுச் சத்தத்தில் தூக்கம் போச்சு என்று ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நடுவில் பார்த்தால், மூன்றாம் பக்கத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அடுத்த வாரப் பேப்பரில் மறுபடி அதே இடத்தில், அதே அளவில். வெட்டினது ஒரே கைதான்.

ஏழுமலை சாயங்காலம் தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் கேட்பதற்கு முன்னாலேயே கையை விரித்துக் காட்டினார். "கிரீஸ் கையிக்கா இது. பேப்பரத் தொட்டிருந்தா கறை இருக்குமே" என்றார். பக்கங்களில் கறை இல்லைதான். ஆனால் கேட்காமலே வருகிற பதில் எனக்கு எப்போதும் இடிக்கும். தயார் பண்ணி வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கே பழம்பொருள் விற்கிற கடை ஒன்றுக்குப் போனோம். சுவர் நிறைய கண்ணாடிச் சட்டம் போட்ட நாடக விளம்பரங்கள், ஒன்று இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், வீட்டுக்காரர்களே கொடுத்தது என்றார் கடைக்காரர். எந்த வீடு என்றதும் துணியை எடுத்துக் கண்ணாடி துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஏழுமலை மாட்டிக்கிட்டான் என்று அமலாவின் கையை அழுத்தினேன். வீட்டுச் சுவருக்குச் சரியாக இருக்குமா என்று பார்க்கிற சாக்கில் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பக்கங்களோடு வைத்துப் பார்த்ததும் என் முகம் தொங்கிவிட்டது. கடையில் இருந்தவை முழு விளம்பரங்கள், ராஜாவும் ராணியுமாகப் படத்தோடு. தாந்தின் பைண்டுகளில் ராஜா, ராணி எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள். போனது படத்துக்குக் கீழே இருந்த துண்டு மட்டும். விற்கிறவன் படத்தை விட்டுவிட்டு அடியை மட்டும் ஏன் வெட்டப்போகிறான்?

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஊரில் இருக்கும் ஒரு பழைய நூலகத்துக்குப் போனேன். அதே நாளிதழ், அதே வாரம், வெட்டாத பக்கம் கிடைத்தது. படத்துக்குக் கீழே புள்ளிக்கோடு போட்ட கட்டம். பெண்கள் சலுகைச் சீட்டு. இதை வெட்டிக்கொண்டு வந்தால் சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்குப் பெண்கள் இருவருக்கு ஒரு டிக்கெட் காசு போதும். இருட்டிய பிறகு வீட்டுப் பெண்கள் கொட்டகைக்கு வரமாட்டார்கள் என்று கம்பெனிக்காரன் பண்ணிய ஏற்பாடு. நூலகம் என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். ஜெபமாலைத் தாந்த் சனிக்கிழமை சனிக்கிழமை நாடகத்துக்குப் போயிருக்கிறார்! கூடவே அடுத்த சந்தேகம். இன்னொரு பெண் யார்?

மத்தியானம் வீட்டுக்குப் போய், குறித்து வந்ததைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தேன். மதலேன் அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். அமலா என்னைப் பார்க்கவே இல்லை, அம்மாவையே பார்த்தாள்.

"நான்தான்" என்றார் அவர். "கான்வென்ட்ல ஜெபக்கூட்டம்னு எங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் போவோம். வெட்டுறது அக்கா, கூடப் போறது நான்."

"அப்போ ஏழுமலை வெட்டினான்னு ஏம்மா சொன்ன?"

"யாராச்சும் ஒருத்தன் வெட்டியிருக்கணும் இல்ல. அவனச் சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டீங்க."

அறுபது வருஷத்துக்கு முன்னால் நாடகம் பார்த்த ரகசியத்தைக் காப்பாற்ற ஒரு குடும்பத்தைத் தெருவில் விடத் துணிந்திருக்கிறார். அவர் மேல் கோபம் வந்தது. என் மேல் அதைவிட. ஆட்டோக்காரர், கடைக்காரர், கிரீஸ் கை என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேனே, காபி தந்தவரை ஒரு வார்த்தை குறுக்குக் கேள்வி கேட்டேனா? கிளெய்ம் வேலையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது புகார் கொடுத்தவரைத்தான். அதைக்கூட மறந்துபோனேன், வெட்கக்கேடு.

போகிறவர்களுக்கான விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள். நூலகத்துக்கு ஆதார் நகல் இரண்டு எடுத்துப் போங்கள். பேனாவை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள், பென்சில் வேண்டும். படமெடுக்கத் தனி அனுமதி, அதற்கு ஒரு நாள் ஆகும். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் பைண்டு எடுத்துத் தர ஆள் கிடைப்பது கஷ்டம். சட்டம் போட்ட விளம்பரங்களை வாங்காதீர்கள். ஊர் திரும்பும் முன் மறுபடி அந்தக் கடைக்குப் போய் ஒன்றைச் சட்டம் கழற்றித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் அச்சே இல்லை. நாளிதழில் வெற்றுப் பக்கம் ஏது? சாப்பாட்டுக்கு மார்க்கெட் பக்கத்துச் சின்ன மெஸ்களே போதும், மீன் குழம்போடு நூற்று முப்பது ரூபாய்.

தட்டாஞ்சாவடியிலேயே ஒரு ஒற்றை அறை பார்த்துவிட்டாராம் ஏழுமலை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நாங்கள் பின்கட்டுக்குப் போனபோது வாசலில் குட்டியானை வண்டி நின்றது. பீரோ ஏறியாயிற்று. மகள் புத்தகப் பையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அமலா நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா செய்தது தப்பு, மன்னிச்சிடு, சாமான்களை இறக்கு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும் ஏதோ சொன்னேன். ஏழுமலை கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"இருக்கட்டும்கா. இன்னிக்கு பேப்பரு. நாளைக்கு வேற எதுனா காணாமப் போவும்."

அறைச் சாவியை அமலாவின் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.