பனிமூட்டத்தில் தோண்டிய குழி

நாளைக்குள் ஊரைக் காலி பண்ணச் சொன்னால், நீங்கள் முதலில் எதைத் தூக்குவீர்கள்?

கராபாக் மலையில் லோராஷென் கிராமத்துக்காரர்கள் செத்தவர்களைத் தூக்கினார்கள். கட்டுக்கதை இல்லை. நடந்தது.

சண்டையில் தோற்று, ஊர் எதிர்த்தரப்புக்குப் போகிறது. விடிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். அந்த ஊர் சேய்ரானின் அம்மா அருஸ், லாரியில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்கப்பன விட்டுட்டு நான் வரல. அவர எடுத்துட்டு வா, ஏறுறேன்."

சேய்ரான் ஒரு தப்புச் செய்திருந்தான். வருகிறவர்கள் உடைப்பார்களே என்று, மதியமே அப்பாவின் கல்லறைச் சிலுவைக் கல்லைப் பிடுங்கி லாரியில் சாமான்களுக்கு அடியில் ஏற்றிவிட்டான். ஊரே அப்படித்தான் செய்தது. சாயங்காலம் மண்வெட்டியோடு இடுகாட்டுக்கு வந்தால் பனிமூட்டம். ஒரு கல் இல்லை. எங்கும் மிதிபட்ட சேறு.

இடுகாட்டின் மறுபாதி கீழத்தெருக்காரர்களுடையது. வேறு மதம், வேறு பாஷை. எதிர்த்தரப்பு ஆட்கள்; பல வருஷம் முன்னால், முதல் சண்டையில் ஓடிப்போனவர்கள். அவர்களுடைய கல்லெல்லாம் எப்போதோ மாட்டுக்கொட்டகைச் சுவராகிவிட்டது. நடுவில் இருந்த வேலி, போன குளிருக்கு விறகாகிவிட்டது.

"எங்கண்ணே தோண்டுறது?" என்றான் கூட வந்த பக்கத்து வீட்டு ரஸ்மிக்.

"அப்பா!" சேய்ரான் சும்மா கூப்பிட்டுப் பார்த்தான்.

"உயிரோட இருந்தப்பவே கூப்பிட்டா வரமாட்டாரு. இப்பவா வரப்போறாரு?"

டொக்… டொக்…

காலுக்குக் கீழே.

ரஸ்மிக் சட்டென்று காலை எடுத்தான். அங்கேயே தோண்டினார்கள். எலும்புகள் கிடைத்தன. இருட்டில், பார்க்காமலே, கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள்.

அருஸ் லாரியின் பின்னால் பெட்டியோடு ஏறிக்கொண்டாள். ரஸ்மிக் முன்னால் சேய்ரான் பக்கத்தில். மலைப்பாதையில் அவள் பேசுவது கேட்டது.

"குளிருதா? இரு, போயிரலாம்… ஒன் புள்ள ஓட்டுறத பாரு, ஒன்ன மாதிரியே குலுக்குறான்…"

சிரித்தாள்.

பிறகு பேச்சு நின்றது.

டொக்… டொக்…

"சேய்ரான்! நிறுத்து!"

நிறுத்தினான். அவள் தானே குதித்து இறங்கி, முன்னால் வந்து ரஸ்மிக்கைத் தள்ளி உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"கதவ சாத்து."

"அப்பா தனியா…"

"சாத்துடா!"

சாத்தினான்.

"பொட்டிக்குள்ளேர்ந்து கூப்பிட்டுச்சு."

"அப்பாவா?"

"ஒங்கப்பன் என்னைய எப்பவாச்சும் அக்கான்னு கூப்பிட்டிருக்கானா?"

சேய்ரான் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கீழத்தெரு பாஷைல… அக்கா, என்னை எங்க கொண்டு போறீங்கன்னு…"

பின்னால்…

டொக்.

திரும்ப வழியில்லை. பின்னால் வரிசையாக லாரிகள். சேய்ரான் விடியும்வரை நிறுத்தாமல் ஓட்டினான்.

மறுநாள் காலை எல்லைக்கு இந்தப்பக்கம் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பெண்ணின் எலும்புகள். கூடவே நீளமான பின்னல். சேய்ரான் லாரியைத் திருப்பிக்கொண்டு மலையடிவாரம்வரை போனான். பாதையை மூடிவிட்டிருந்தார்கள்.